நமத்துப்போன கேப்பும் ஆறாயிரம் தோட்டாக் கணக்கும்

திருக்கோஷ்டியூரிலிருந்து வடக்கே பத்துக் கிலோமீட்டருக்குள் திருப்பத்தூர். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தூக்கிலிட்ட ஊர். அந்தப் போரைப் பற்றிப் பேச்செடுத்தால் வளரி வரும், வேல்கம்பு வரும், காளையார்கோவில் காடு வரும். துப்பாக்கியை மட்டும் வெள்ளைக்காரன் பக்கமே ஒதுக்கிவிடுவோம். உண்மையில் இரண்டு தரப்பிலும் துப்பாக்கி இருந்தது. கம்பெனிச் சிப்பாயிடம் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. பாளையக்காரர் படையில் பெரும்பாலும் திரி வைத்துச் சுடும் பழைய வகை. மழை பிடித்துக்கொண்டால் இரண்டுமே வெறும் தடிக்கம்புதான். வளரிக்கு மழையும் கிடையாது, வெயிலும் கிடையாது. மருதுகளை எதிர்த்துச் சண்டையிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, தனக்கு வேல் எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று பிற்பாடு நூலிலேயே எழுதிவைத்தார். அந்தக் காலத்துத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரிந்த ஒருவர் வளரி பழகியதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

விசையை இழுத்தால் வெடிக்குமா, வெடிக்காதா? துப்பாக்கி வரலாற்றில் பாதி இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிய வரலாறு. இன்றைக்கும் துப்பாக்கி சுடுகிறவர்கள் நாலு பேர் கூடினால், எந்தக் கம்பெனி பிரைமர் நம்பகமானது என்ற பேச்சு வராமல் இருக்காது. பிரைமர் என்பது தோட்டாவின் அடியில் பதித்திருக்கும் சின்ன உலோகக் குப்பி. நம்மூர்ப் பேச்சில் கேப்பு. ஆளாளுக்கு ஒரு கட்சி இருக்கும். இத்தனை வருஷமாக இதைத்தான் சுடுகிறேன், ஒன்றுகூட ஏமாற்றியதில்லை என்பார் ஒருவர். இந்தச் சாட்சியத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்? அதைத்தான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் பழைய கல் துப்பாக்கி. குதிரை எனப்படும் சுத்தியலின் வாய் ஒரு சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கும். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து எஃகுத் தகட்டை உரசும். பொறி தெறித்துப் பக்கவாட்டுக் கிண்ணியில் இருக்கும் கரிமருந்தில் விழும். அந்தத் தீ ஒரு ஊசித்துளை வழியாகக் குழலுக்குள் போய், உள்ளே கெட்டித்த மருந்தைப் பற்றவைக்கும். கல் மழுங்கினால் பொறி வராது. கிண்ணி ஈரமானால் பற்றாது. துளையில் கசடு அடைத்தால் கிண்ணியில் பளிச்சென்று எரிந்து அங்கேயே அணைந்துவிடும். ஒரு வேட்டுக்கு இத்தனை கண்டங்கள்.

எத்தனை முறை பொய்த்தது என்பதற்கு நல்ல பதிவு ஒன்று இருக்கிறது. 1834-இல் இங்கிலாந்தின் உல்விச்சில் கல் துப்பாக்கிகளையும், அப்போது புதிதாக வந்திருந்த கேப்புத் துப்பாக்கிகளையும் வகைக்கு ஆறாயிரம் முறை சுட்டுப் பார்த்தார்கள். கல் வகையில் 922 முறை வெடிக்கவில்லை, ஆறரைக்கு ஒன்று. கேப்பு வகையில் 36 முறை மட்டும், 166-க்கு ஒன்று. துப்பாக்கிப் பேச்சில் ஊறியவர்கள் இந்தக் கணக்கை அடிக்கடி எடுத்துவிடுவார்கள். நாமும் 166 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்வோம், பிறகு வேலைக்கு ஆகும்.

சோதனையில் தெரிந்த விஷயம் படைக்கொட்டிலுக்கு வந்துசேர வருஷக்கணக்கானது. அதற்கு விலை கொடுத்தவர்கள் நம் மாகாணத்து ஆட்கள். முதல் அபினிப் போரில் சென்னை மாகாணத்தின் 37-ஆவது சுதேசிக் காலாட்படை சீனாவுக்குப் போயிருந்தது. 1841 மே 30 அன்று கான்டன் நகருக்கு வடக்கே சான்யுவான்லி என்ற கிராமப்பக்கம் ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். இடியும் மழையுமாகக் கொட்டியது. அந்தப் படையின் ஒரு கம்பெனி தனியாக மாட்டிக்கொண்டது. உல்விச் சோதனை முடிந்து ஏழு வருஷமாகியும் அவர்கள் கையில் இருந்தது கல் துப்பாக்கிதான். நனைந்த துப்பாக்கி சுடவில்லை. சதுரமாக நின்று துப்பாக்கி முனைக் கத்தியை நீட்டிக்கொண்டு தாக்குப்பிடித்தார்கள். அவர்களைத் தேடி அனுப்பப்பட்ட கடற்படைச் சிப்பாய்களிடம் கேப்புத் துப்பாக்கி இருந்தது. அது அதே மழையில் வெடித்தது. மாட்டிக்கொண்டவர்கள் மீண்டார்கள். சீன வரலாற்றில் சான்யுவான்லி மக்கள் எதிர்ப்பின் பெருமைக்குரிய நாள். ஆயுத வரலாற்றில் அது கேப்பு தன் மதிப்பைக் காட்டிய நாள்.

கேப்புக்கான எண்ணம் போர்க்களத்தில் பிறக்கவில்லை என்பது ஒரு வேடிக்கை. ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி என்ற ஊரில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்று ஒரு பாதிரியார். வாத்து வேட்டையில் பித்து. கிண்ணியில் மருந்து பளிச்சிட்டதும் குண்டு வந்து சேருவதற்குள் பறவை சுதாரித்துக்கொண்டது. கிண்ணியே இல்லாமல் சுட்டால் என்ன என்று யோசித்தார். 1800-இல் எட்வர்ட் ஹோவர்ட் பாதரச ஃபல்மினேட் என்ற சேர்மத்தைப் பற்றி எழுதியிருந்தார். அதற்கு நெருப்பு வேண்டாம், ஓங்கி ஒரு தட்டுப் போதும். இப்படித் தட்டினால் வெடிக்கும் பொருளை வைத்து ஃபோர்சைத் 1807-இல் காப்புரிமை வாங்கினார். அதன்பின் அதைச் செம்புத் தொப்பிக்குள் அடைக்கும் யோசனை வந்தது. 1825-இல் பிராகில் தொடங்கிய செல்லியர் அண்ட் பெல்லோ கேப்பு செய்யத்தான் பிறந்தது. இருநூறு வருஷமாகியும் பிரைமர் விற்கிறது.

தட்டினால் வெடிக்கும் ரசாயனம் தமிழ்நாட்டுக்காரருக்கு அந்நியமானதல்ல. தீபாவளித் துப்பாக்கியில் சுருள் கேப்புப் போட்டுச் சுடாத கை எது? அந்தச் சிவப்புச் சுருளில் பொட்டுப் பொட்டாக இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும். தீப்பெட்டியில் இந்த இரண்டையும் பிரித்துவைத்திருக்கிறார்கள். குளோரேட் குச்சித் தலையில், பாஸ்பரஸ் பெட்டியின் விளிம்பில். உரசும்போது மட்டும் சந்திக்கும். 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசிக்குக் கொண்டுவந்த தொழிலின் பாதுகாப்பு இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது. சுருள் கேப்பில் இரண்டும் ஒரே பொட்டுக்குள். அதனால்தான் அளவு அவ்வளவு சின்னதாக இருக்கிறது. குளோரேட்டோடு கந்தகம் சேர்ந்தால் உராய்வுக்கே வெடிக்கக்கூடும் என்பதால் மத்திய அரசு 1992-இல் அந்தச் சேர்க்கையையே தடை செய்தது. தட்டினால் மட்டும் வெடிக்க வேண்டும், தவறி விழுந்தால் வெடிக்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைக்கும் நடுவே இருக்கும் சந்து மிகக் குறுகியது. பிரைமர் தயாரிப்பு முழுக்க அந்தச் சந்துக்குள் நடக்கிற வேலை.

இன்றைய பிரைமரைக் கிட்டத்தில் பார்ப்போம். நாலரை அல்லது ஐந்தேகால் மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பித்தளைக் குப்பி. அதன் உள்தளத்தில் அழுத்திவைத்த கலவை. ஒரு குன்றிமணியின் எடையில் பாதிகூட இருக்காது. அதன்மேல் முக்காலி போன்ற ஒரு சின்ன உலோகத் துண்டு. ஆங்கிலத்தில் இதை ஆன்வில் என்பார்கள், அதாவது பட்டறைக்கல். துப்பாக்கியின் ஊசி வெளியிலிருந்து குப்பியைக் குத்தும்போது தகடு உள்நோக்கிக் குழிந்து, கலவையை அந்தப் பட்டறைக்கல்லோடு சேர்த்து நசுக்கும். நசுங்கிய இடத்தில் பொறி. அங்கிருந்து தீ நாக்கு ஒரு துளை வழியாக மேலேறித் தோட்டா மருந்தைப் பிடிக்கும். எல்லாம் ஆயிரத்தில் சில பங்கு விநாடிக்குள் முடிந்துவிடும். 1866-இல் இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸர் பட்டறைக்கல்லைப் பிரைமருக்குள்ளேயே வைத்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் ஹைரம் பெர்டான் அதைத் தோட்டாக் கூட்டின் அடியிலேயே ஒரு முளையாக வார்த்தார். விசித்திரம் என்னவென்றால், இங்கிலீஷ்காரர் வடிவம் அமெரிக்காவில் வேரூன்றியது. அமெரிக்கர் வடிவத்தை ஐரோப்பா எடுத்துக்கொண்டது.

கலவையின் கதை தனி. முதலில் பாதரச ஃபல்மினேட். நன்றாக வெடிக்கும், ஆனால் வெப்ப நாட்டுச் சேமிப்பில் வலு குறைந்துகொண்டே போகும். நாற்பது டிகிரி அடிக்கும் சிவகங்கைக் கோடையில் ஓட்டுக் கட்டடத்துக்குள் பெட்டி பெட்டியாக வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தவிர, வெளிப்பட்ட பாதரசம் பித்தளையோடு கலந்து கூட்டை நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். பிறகு குளோரேட் கலவை. அது எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு குழலில் தங்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், குழல் துருப்பிடிக்கும். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவியது இதனால்தான். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். 1920-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் சினாக்ஸிட், அமெரிக்காவில் ரெமிங்டனின் கிளீன்போர் என்று துருப்பிடிக்க வைக்காத பிரைமர்கள் வந்தன. அந்த வரிசையில் வெற்றி பெற்றது ஈய ஸ்டிஃப்னேட் என்ற சேர்மம். வெப்பத்தைத் தாங்கும், வருஷக்கணக்கில் கிடக்கும். ஈயப் புகை மட்டும்தான் தொல்லை. மூடிய அரங்கில் நாள்தோறும் சுடுகிறவர்களின் ரத்தத்தில் ஈயம் ஏறுவதால் ஈயமில்லாத கலவைகளும் இப்போது வந்திருக்கின்றன.

இனி பிராண்ட் பேச்சுக்கு வருவோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் சில நாடுகளிலும் சுட்ட பித்தளைக் கூட்டில் பழைய பிரைமரைத் தட்டியெடுத்து, புதியதைப் பொருத்தி, மீண்டும் நிரப்புவது வீட்டு ஷெட்டில் செய்யும் பொழுதுபோக்கு. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அந்தப் பொழுதுபோக்குக்காரர்களிடம் ஃபெடரல், சிசிஐ, வின்செஸ்டர், ரெமிங்டன், இத்தாலியின் ஃபியோக்கி என்று பெயர்கள் புழங்கும். பரவலாகச் சொல்லப்படும் அனுபவ ஞானம் ஒன்று உண்டு. ஃபெடரல் தகடு மெத்தென்றது, லேசான அடிக்கே வெடிக்கும். சிசிஐ தகடு கெட்டி, நன்றாகத் தட்ட வேண்டும். விசை லகுவாக இருக்கட்டும் என்று வில்லைத் தளர்த்திய ரிவால்வர் போட்டியாளர்கள் ஃபெடரலைத் தேடுவது இதனால்தான்.

அப்படியானால் ஃபெடரல்தான் நம்பகமா? அவசரப்படக் கூடாது. சில தானியங்கித் துப்பாக்கிகளில் குத்தூசி தளர்வாக ஓடும். அறை மூடும் வேகத்தில் ஊசி தானாகவே பிரைமரை லேசாகத் தொடும். அங்கே மெத்தென்ற பிரைமர் போட்டால், விசையைத் தொடாமலே வெடிக்கும் ஆபத்து உண்டு. ராணுவத் தரத்துக்குக் கெட்டியான பிரைமரைக் கேட்பது இதை நினைத்துத்தான். ஒருவர் துப்பாக்கியில் தங்கம் என்று கொண்டாடப்படும் கேப்பு இன்னொருவர் துப்பாக்கியில் யமன். நம்பகம் என்ற குணம் பிரைமரிடம் தனியாக இல்லை. பிரைமர், ஊசி, வில், கூடு எல்லாம் சேர்ந்த ஜோடிப் பொருத்தத்தில் இருக்கிறது.

ஒன்றுகூட ஏமாற்றியதில்லை என்ற சாட்சியத்தையும் பார்த்துவிடுவோம். புள்ளியியலில் ஒரு எளிய விதி இருக்கிறது. ஒரு பொருளை எத்தனை முறை சோதித்தும் ஒரு தோல்விகூட வரவில்லை என்றால், மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். உண்மையான தோல்வி விகிதம் அதைவிடக் குறைவு என்று மட்டுமே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நம்பிக்கையோடு சொல்லலாம். ஒருவர் ஐந்நூறு பிரைமர் சுட்டார், எல்லாம் வெடித்தது என்று வையுங்கள். மூன்றை ஐந்நூறால் வகுத்தால் ஆயிரத்துக்கு ஆறு, அதாவது சுமார் 166-க்கு ஒன்று. உல்விச்சில் 1834-ஆம் வருஷத்துச் செம்புக் கேப்புகள் வாங்கிய மதிப்பெண் அதேதான்! ஐந்நூறு சுட்டுப் பிசகே இல்லாதவர், தன் பிராண்ட் ராணி விக்டோரியா பட்டத்துக்கு வரும் முன்பிருந்த கேப்பைவிட மேல் என்பதற்குமேல் எதையும் நிரூபித்துவிடவில்லை. பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவாகத்தான் பொய்க்கும் என்று காட்ட வேண்டுமானால் முப்பதாயிரம் சுட வேண்டும், ஒன்றும் பொய்க்கக் கூடாது. இரண்டு பிராண்டை ஒப்பிட வேண்டுமானால் இன்னும் மேலே. எந்தத் தனி ஆளின் பணப்பைக்கும் அது கட்டாது.

166-க்கு ஒன்று என்பது கேட்க நல்ல எண் போலத் தோன்றலாம். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டுகளைச் சுடும் டிராப் பிரிவில் சுட்டார். தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். 166-க்கு ஒன்று பொய்க்கும் தோட்டாவோடு அங்கே போனால், 125 முதல் வேட்டுக்குள் குறைந்தது ஒன்றாவது வெடிக்காமல் போக ஐம்பது சதவீதத்துக்கு மேலேயே வாய்ப்பு இருக்கிறது. கல் துப்பாக்கியோடு போனால் பத்தொன்பது தட்டு போச்சு. தோட்டா வெடிக்காவிட்டால் அந்தத் தட்டை மறுபடி கொடுக்க விதியில் இடம் உண்டு. ஆனால் மனசு கலைந்ததை எந்த விதியும் திருப்பித் தராது. ஒருவர் ஒரு பிசகும் இல்லாமல் பல போட்டி முடிக்கிறார் என்பதிலிருந்தே இன்றைய ஆலைப் பிரைமர்கள் உல்விச்சைத் தாண்டி எங்கேயோ போய்விட்டன என்று புரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் ஆலைக்காரர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள்? லட்சக்கணக்கில் சுட்டுப் பார்த்தால் விற்க என்ன மிஞ்சும்? அவர்கள் தலைகீழாக யோசித்தார்கள். பிரைமர் வெடிப்பதைச் சோதிப்பதைவிட அது தோற்பதைச் சோதிப்பது லாபம். ஒரு எடை தெரிந்த எஃகு உருண்டையை ஊசியின்மேல் விழவிடுகிறார்கள். வெடித்தால் அடுத்த பிரைமருக்கு உயரத்தை ஒரு படி குறைக்கிறார்கள். வெடிக்காவிட்டால் ஒரு படி கூட்டுகிறார்கள். ஏறி இறங்கி, பாதி வெடிக்கும் பாதி வெடிக்காத உயரத்தைச் சுற்றியே சோதனை வட்டமிடும். அதிலிருந்து சராசரி உயரமும், பிரைமருக்குப் பிரைமர் எவ்வளவு வேறுபடுகிறது என்ற திட்ட விலக்கமும் கிடைத்துவிடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் புரூஸ்டன் ஆய்வகத்தில் உருவான முறை இது. அதன் கணிதத்தை டிக்சன், மூட் என்ற இருவர் 1948-இல் எழுதினார்கள். சராசரியோடு ஐந்து திட்ட விலக்கத்தைக் கூட்டினால் வரும் உயரத்தில் எல்லாமே வெடிக்க வேண்டும். சராசரியிலிருந்து இரண்டைக் கழித்தால் வரும் உயரத்தில் வெடிக்கக் கூடாது. முதலாவது நம்பகம், இரண்டாவது பாதுகாப்பு. ஒரு பிராண்டை மதிப்பிட அசல் அளவுகோல் இந்த இரண்டு எண்கள்தான். சராசரி எங்கே இருக்கிறது என்பதைவிடச் சிதறல் எவ்வளவு சின்னது என்பதில்தான் தரம் தெரியும். கோளாறு வந்தால் பெட்டியில் அச்சடித்த லாட் எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள், கம்பெனிப் பெயரை அல்ல.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஐந்து விலக்கம் என்றால் காகிதக் கணக்கில் முப்பத்தைந்து லட்சத்துக்கு ஒன்று. அது சிதறல் மணி வடிவ வளைகோட்டை ஒட்டியே இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. கலவை விழாத ஒரு வெற்றுக் குப்பி, பட்டறைக்கல் போட மறந்த ஒன்று என்று வந்தால், அவை எந்த வளைகோட்டுக்கும் கட்டுப்படாது. அதற்குக் கண்ணும் கேமராவும் வைத்துத்தான் பொறுக்க வேண்டும்.

நம் நாட்டில் 1869-இல் தொடங்கிய புனே கட்கி தோட்டாத் தொழிற்சாலையும், தோட்டாவை உந்தும் மருந்துக்காக 1903-இல் நிறுவப்பட்ட நீலகிரி அருவங்காடு தொழிற்சாலையும் இப்போது 2021-இல் உருவான மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. செட்டிநாட்டு வட்டாரத்தில் தோட்டாக்களை நீங்கள் நேரில் பார்க்கக்கூடிய இடம் வங்கி வாசல். காரைக்குடியிலோ திருப்பத்தூரிலோ வங்கிக் காவலர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ராணுவத்தினர், ‘பன்னிரண்டு போர்’ வகைத் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார். இடுப்பு வாரில் தோட்டாக்கள். தினமும் வியர்வை, எண்ணெய்க் கை, கோடைப் புழுக்கம், ஐப்பசி மழை. இந்தத் தோட்டா ஒருநாள் வெடிக்காவிட்டால் பழி பிராண்டின்மேல்தான் விழும்.

அந்த வெடிக்காத தோட்டாவே பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும். அடியைத் திருப்பிப் பாருங்கள். ஊசி பதித்த குழி ஆழமில்லாமல், நகக்கீறல் போல இருந்தால் குற்றம் துப்பாக்கியுடையது: வில் தளர்ந்திருக்கும், ஊசி தேய்ந்திருக்கும், அல்லது பழைய எண்ணெய் பிசுபிசுத்து ஊசியின் வேகத்தைத் தின்றிருக்கும். குழி ஓரமாக விழுந்திருந்தால் ஊசி நேராக இல்லை. முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாம் அடியில் வெடித்தால், பிரைமர் அடிவரை உட்காராமல் தூக்கலாக இருந்திருக்கிறது. முதல் அடி அதை உள்ளே தள்ளுவதற்கே செலவாகிவிட்டது. குழி நடுவில், நல்ல ஆழத்தில் இருந்தும் வெடிக்கவில்லை என்றால்தான் கலவை நமத்திருக்குமோ, குப்பி வெறுமையோ என்று பிரைமர்மேல் சந்தேகப்படலாம். பிராண்டைத் திட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் குழியைத் திருப்பிப் பார்த்தார்கள்?

கைக்குத் துப்பாக்கி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள். சில நேரம் உள்ளே பொறி பிடித்து மெதுவாக எரிந்துகொண்டிருக்கும். குழலைப் பாதுகாப்பான திசையில் நீட்டியபடி குறைந்தது 30 விநாடி பொறுத்திருங்கள். வெடிக்காத தோட்டாவை ஆணியால் குத்திப் பார்ப்பதோ அடுப்பில் போடுவதோ வேண்டாம். உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்துவிடுங்கள்.